டெங்குவில் ஆறு வாரம் போன பிறகு ஐயன்மேனுக்குப் போகலாமா?

தம்பி கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். செங்கோட்டைக்காரர், வயது 38. நவம்பரில் மலேசியாவின் லங்காவித் தீவில் நடக்கும் முழு ஐயன்மேனுக்குப் பணம் கட்டியிருக்கிறார். ஒரே நாளில் அடுத்தடுத்து 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். ஜூலைக் கடைசியில் டெங்கு வந்து ஆறு வாரம் பயிற்சி எதுவும் இல்லை. இப்போது மெதுவாக ஓடினாலே மூச்சு வாங்குகிறது. புளியரை ஏற்றத்தில் பாதி வழியில் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். 13 மணி நேரத்தில் முடிக்க நினைத்திருந்தார், மிச்சம் இருப்பது 11 வாரம். "போகலாமா அண்ணாச்சி, விட்டுவிடலாமா? போவதென்றால் விட்டுப்போனதை எப்படிப் பிடிப்பது?" என்கிறார்.

போகலாம். 13 மணி நேரக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம். விட்டுப்போன ஆறு வாரத்தைப் பிடிக்க வழி கிடையாது. அதைப் பிடிக்கக் கிளம்புகிறவர்களைத்தான் அக்டோபரில் முழங்காலில் ஐஸ் கட்டியோடு பார்க்கிறோம். 17 வாரத்துக்குப் போட்ட அட்டவணையை 11 வாரத்துக்குள் திணிப்பதைவிட, அதைக் கிழித்துவிட்டு இன்றைக்கு இருக்கிற உடம்புக்குப் புதிதாக ஒன்று போடுவதுதான் உத்தமம்.

அதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பிளேட்லெட் ஏறிவிட்டது என்பதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். டெங்கு கல்லீரலையும் தொடும், சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சி உண்டாக்கும். ஹீமோகுளோபின், ஃபெர்ரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை, ஒரு ஈசிஜி, இவ்வளவும் எடுத்துவிடுங்கள். நெஞ்சில் வலி, படபடப்பு, தலை கிறுகிறுப்பு, படியேறினாலே மூச்சு முட்டுவது என்று ஏதாவது இருந்தால் எக்கோ என்ற இதய ஸ்கேனும் வேண்டும். 'நீண்ட தூர சைக்கிளும் ஓட்டமும் செய்கிறவன், நவம்பரில் ஒரு நாள் முழுக்க நடக்கும் பந்தயம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வாக்கிங் போகிற ஆளுக்குச் சொல்கிற பதில்தான் கிடைக்கும். இதயத் தசையில் அழற்சி என்று உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் கடும் உடற்பயிற்சி கூடாது. அப்படியானால் இந்த ஆண்டு லங்காவி இல்லை, கட்டிய பணம் போனால் போகட்டும்.

சரி, அறிக்கை எல்லாம் நன்றாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரத்தில் உண்மையில் எவ்வளவு போயிருக்கும்? 1984-ல் எட்வர்ட் காயில் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, நல்ல பயிற்சியில் இருந்த ஏழு பேரை 84 நாள் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்தது. உடம்பு உச்சபட்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாளில் 16 சதவீதம் குறைந்து, அதற்குமேல் இறங்காமல் நின்றுவிட்டது. அவர்கள் காய்ச்சல் இல்லாமல் சும்மா இருந்தவர்கள், உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே போயிருக்கும். ஆனால் முதலில் போவது பெரும்பாலும் ரத்தத்தின் நீர் அளவு. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைவதால்தான் இப்போது மெதுவாக ஓடினாலும் நாடி எகிறுகிறது. பயிற்சி தொடங்கி இரண்டு வாரத்தில் இதில் கணிசமான பகுதி திரும்பிவிடும். புளியரை ஏற்றத்தில் இறங்கியதை வைத்து முடிவு எடுக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

மூச்சு சீக்கிரம் திரும்பும், எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. ஆபத்து அங்கேதான். ஓட்டத்தின் அதிர்ச்சி புதிதாக விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைக்கும், அப்புறம்தான் புதிதாகக் கட்டும். அதனால் மறுபடி ஓடத் தொடங்கிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் கெண்டைக்கால் எலும்பு இளக்கமாக இருக்கும். சரியாக அதே வாரத்தில்தான் மூச்சும் திரும்பி, 'வந்துட்டேன்' என்ற தெம்பும் வரும். அந்தத் தெம்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 25 கிலோமீட்டர் ஓடிவிட்டால் கதை முடிந்தது.

இப்போது பந்தயக் கணக்குக்கு வருவோம். பெரும்பாலான முழு ஐயன்மேன்களில் நீச்சலுக்கு 2 மணி 20 நிமிஷம், தொடங்கியதிலிருந்து சைக்கிள் முடிவதற்குள் 10 மணி 30 நிமிஷம், மொத்தம் 17 மணி நேரம் என்பது வரம்பு. சில இடங்களில் கொஞ்சம் மாறும், உங்கள் பந்தயத்தின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். 100 மீட்டருக்கு 2 நிமிஷம் 45 விநாடி என்று சாவகாசமாக நீந்தினாலும் 1 மணி 45 நிமிஷத்தில் கரையேறலாம். உடை மாற்ற 12 நிமிஷம். சைக்கிளில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம் என்றால் ஏழரை மணி நேரம். மறுபடி உடை மாற்ற 12 நிமிஷம். மொத்தம் 9 மணி 39 நிமிஷம். மிச்சம் 7 மணி 21 நிமிஷம். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் விறுவிறுவென்று நடந்தாலே 42.2 கிலோமீட்டர் 7 மணி 2 நிமிஷத்தில் முடிந்துவிடும். ஓர் அடிகூட ஓடாமல் பதக்கம் கைக்கு வருகிறது.

முழுக்க நடங்கள் என்று சொல்லவில்லை, அதில் மிஞ்சுவது 19 நிமிஷம்தான். நான்கு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று தொடக்கத்திலிருந்தே மாற்றி மாற்றிப் போங்கள். ஓடும்போது கிலோமீட்டருக்கு ஏழரை நிமிஷம், நடக்கும்போது பத்து நிமிஷம் என்றால் மொத்த ஓட்டம் ஐந்தரை மணி நேரத்தில் முடியும். 15 மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டி முடிப்பீர்கள். இந்தக் கணக்கு மனதில் பதிந்தால் பயிற்சியும் தானாக மாறும். வேக ஓட்டம், நேரம் வைத்து ஏற்றம் ஏறுவது எல்லாம் இந்தப் பந்தயத்துக்குத் தேவையே இல்லை. தேவை மூன்று: ஏழரை மணி நேரம் சீட்டில் உட்காருகிற இடுப்பு, வெயிலில் சாப்பிட்டதைத் தாங்குகிற வயிறு, கடைசி இருபது கிலோமீட்டரில் மடங்காத கால்.

இவற்றில் பெரும்பகுதி சைக்கிளிலேயே கிடைக்கும். அதிர்ச்சி இல்லாமல் மணிக்கணக்காக இதயத்துக்கு வேலை கொடுக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் லாங் ரைடு எல்லாமே புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை என்று மலைப் பக்கமே இருக்கிறது. பாதை அழகுதான், கழுதுருட்டியில் பதிமூணு கண் பாலத்தடியில் நின்று டீ குடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஏற்றத்தில் வேண்டாம் என்றாலும் நாடி மேலே போகும், இறக்கத்தில் பெடலே மிதிக்க மாட்டீர்கள். நான்கு மணி நேரம் போய் வந்தால் உருப்படியான மிதி இரண்டு மணி நேரம்தான் தேறும். கல்லும் எம்‑சாண்டும் ஏற்றி வரும் லாரிகளுக்கு நடுவே அந்த வளைவுகளில் ஒதுங்குவது தனித் தொல்லை. அடுத்த ஆறு வாரத்துக்கு மலையை விட்டுவிட்டுக் கிழக்கே திரும்புங்கள்.

தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி சாலை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று செப்டம்பரிலும் இருக்கும். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? போகும்போது காற்று முதுகில் தள்ளும், பறப்பது மாதிரி இருக்கும். அந்த வேகத்தை நம்பாதீர்கள். ஆலங்குளத்தில் திரும்பியதும் அதே காற்று முகத்தில் அறையும், மணிக்கு 18 கிலோமீட்டர் வந்தாலே பெரிய விஷயம். அந்தத் திரும்புகாலில்தான் உங்கள் ஐயன்மேன் பயிற்சியே இருக்கிறது. குனிந்து, கை தாங்கியில் முழங்கையை வைத்து, கியரை இறக்கி, ஒரே சீராக மிதித்து வாருங்கள். ஸ்பீடோமீட்டரைப் பார்க்கவே வேண்டாம். மிதியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் அது, இல்லையென்றால் நாடி. இரண்டும் இல்லையென்றால் வாய்: பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரி, இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு விட்டால் அதிகம்.

கும்பலோடு ஓட்டுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஐயன்மேனில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை மிச்சம் பிடிக்கக் கூடாது, 12 மீட்டர் இடைவெளி வேண்டும், மீறினால் 5 நிமிஷம் நிறுத்தி வைப்பார்கள். நாலு பேர் முதுகுக்குப் பின்னால் 30-ல் ஓட்டிப் பழகியவருக்குத் தனியாக 24-ல் ஓட்டுவதே பந்தயத்தன்று பெரும்பாடாகிவிடும்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், லாங் ரைடு இரண்டு மணி நேரத்தோடு நிற்கட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து லாங் ரைடை மட்டும் வாரம் அரை மணி, முக்கால் மணி என்று நீட்டுங்கள். ஐந்தாவது வாரம் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள், அந்த வாரத்தில் உடம்பு நன்றாக இருந்தாலும் சரி. எட்டாவது வாரக் கடைசியில் ஐந்தரை மணி நேரம் போகிற நிலைக்கு வந்தால் போதும். 180 கிலோமீட்டரை முன்கூட்டியே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தே தீர வேண்டும் என்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடைசி இரண்டு வாரம் பயிற்சியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தினமும் காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடி பாருங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூட இருந்தால் அன்றைக்கு லீவு. டெங்குவுக்குப் பிந்தைய அசதி சொல்லிக்கொண்டு வராது, இரண்டு நல்ல நாளுக்குப் பிறகு ஒரு நாள் ஆளை அடித்துப் போட்டுவிடும்.

ஓட்டத்தில் தூரத்தைவிட எத்தனை நாள் ஓடுகிறோம் என்பது முக்கியம். வாரம் நான்கு நாள், ஒவ்வொரு நாளும் 30, 40 நிமிஷம், அதுவும் பந்தயத்தில் செய்யப்போகிற மாதிரி நான்குக்கு ஒன்று நடையோடு. வாரத்துக்கு ஒன்றைச் சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடுங்கள். நீண்ட ஓட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டவே வேண்டாம். அதற்கு மேல் ஓடினால் கிடைப்பதைவிடத் தேறி எழ எடுக்கும் நாள்தான் அதிகம். வேக நடையையும் தனியாகப் பழகுங்கள். மணிக்கு 6 கிலோமீட்டர் என்பது காலை நடைக்காரர்கள் போகிற வேகம் இல்லை, பஸ்ஸைப் பிடிக்கப் போகிற நடை. பழகாதவருக்கு அரை மணியில் முன்னங்கால் தசை எரியும்.

நீச்சல் உங்களுக்கு ஏற்கெனவே வரும் என்பதால் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆறு வாரத்தில் கையின் நுட்பம் மறக்காது. தோட்டத்துக் கிணற்றில் நீந்துவதாக எழுதியிருக்கிறீர்கள். இடுப்பில் ரப்பர் கயிறு கட்டி மோட்டார் ரூம் தூணில் முடிந்து நின்ற இடத்திலேயே நீந்தினால் நல்ல பயிற்சிதான், மேலே ஓர் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குண்டாறு, அடவிநயினார் அணைப் பக்கம் போக வேண்டாம். மாதம் இரண்டு தடவையாவது பாளையங்கோட்டை நீச்சல்குளத்துக்குப் போய்த் தொடர்ந்து 2,000, 3,000 மீட்டர் நீந்துங்கள். கொல்லத்துக் கடல் மழைக்காலக் கொந்தளிப்பு அடங்கிய பிறகு, அக்டோபரில், உள்ளூர்க்காரர் துணையோடு, இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு ஓரிரு தடவை இறங்கிப் பாருங்கள். தலையைத் தூக்கித் திசை பார்ப்பது கிணற்றில் வராது.

ஊர்க்காற்று பற்றி ஒரு எச்சரிக்கை. சாரலும் குளிர்காற்றுமாக இருக்கிற செங்கோட்டை உடம்பை லங்காவியில் இறக்கினால் திணறிப்போகும். அங்கே 30 டிகிரிக்கு மேல் வெயில், காற்றில் ஈரம், கடல் தண்ணீரே வெதுவெதுப்பு. 24.5 டிகிரிக்கு மேல் தண்ணீர் இருந்தால் ரப்பர் நீச்சல் உடை போட்டவருக்குப் பரிசு கிடையாது, 28.8-க்கு மேல் போனால் உடைக்கே தடை, அதனால் அதை வாங்கிப் பணத்தை விரயம் செய்ய வேண்டாம். உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். செப்டம்பரில் சுரண்டை, சங்கரன்கோவில் சாலையில் மத்தியான வெயிலே போதும். அக்டோபர் பாதிக்குமேல் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) சைக்கிளை மாட்டி, ஃபேன் போடாமல், ஜன்னலைச் சாத்தி ஒரு மணி நேரம் மிதியுங்கள். வீட்டம்மா தரையைத் துடைக்கச் சொல்வார், துடையுங்கள். கடைசி மூன்று வாரத்தில் வாரம் நான்கு நாள் இப்படிச் செய்தால் ரத்தத்தின் நீர் அளவும் கூடும், காய்ச்சலில் போனதில் ஒரு பங்கு இந்த வழியாகவும் திரும்பும்.

அப்புறம் சாப்பாடு. 1978-ல் ஹவாயில் நடந்த முதல் ஐயன்மேனில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த ஜான் டன்பாருக்குக் கூட வந்த உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோக, பீரைக் கொடுத்தார்கள். ஓட்டத்தில் அவரைத் தாண்டிப் போன கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிஷத்தில் ஜெயித்தார். நீங்கள் எதையும் பந்தயத்தன்று புதிதாக வாயில் வைக்காமல் இருந்தால் சரி.

சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. காய்ச்சலில் வயிறு சுருங்கியிருக்கும், 30, 40-ல் தொடங்கி வாரா வாரம் ஏற்றுங்கள். நேந்திரம் பழம் நல்லது, ஒரு நடுத்தரப் பழத்தில் ஏறக்குறைய முப்பது கிராம் கிடைக்கும், ஆரியங்காவிலிருந்து புனலூர் வரை எந்தப் பெட்டிக்கடையிலும் தொங்கும். கருப்பட்டியும் எலுமிச்சையும் உப்பும் கலந்த தண்ணீர் பயிற்சிக்குப் பிரமாதம். ஆனால் லங்காவியில் வழியில் கிடைக்கப்போவது ஜெல் என்கிற பாக்கெட் மாவுச்சத்துக் கூழும் பாட்டில் பானமும்தான், ஆகவே லாங் ரைடில் பாதி நேரமாவது அதையே சாப்பிட்டுப் பழகுங்கள். பிரானூர் பார்டர் புரோட்டாவும் கோழியும் ரைடு முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும், ரைடுக்கு முந்தின நாள் ராத்திரி மட்டும் கூடாது. அந்த எண்ணெய் விடியற்காலை ஐந்து மணிக்கும் வயிற்றில் அப்படியே நிற்கும்.

தண்ணீருக்கு ஊகம் வேண்டாம். வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் துண்டோடு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் வியர்வை, இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதில் முக்கால் பங்கு அளவுக்குக் குடித்தால் போதும். லிட்டருக்குக் கால் டீஸ்பூன் உப்பு போட்டால் ஏறக்குறைய 600 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துக்கொண்டே போவது குடிக்காமல் போவதைவிட மோசமாகவும் முடியலாம். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் விரல் வீங்கி மோதிரம் இறுகும், தலை வலிக்கும், பேச்சு குழறும். பந்தயத்தில் பலர் இதையே தண்ணீர் பற்றாமை என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள்.

கால்வலிக்கு இபுபுரூஃபன் போட்டுக்கொண்டு ஓடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. டெங்கு சமயத்தில் ரத்தக்கசிவு பயத்தால் அதைத் தர மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நீர் வற்றிய உடம்போடு மணிக்கணக்கில் ஓடும்போது சிறுநீரகத்துக்கும் அது கேடு, சோடியம் சிக்கலையும் கூட்டும். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற வலி இருந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை.

பந்தயத்தன்று நீச்சலில் ஓரமாக, பின்வரிசையில் நில்லுங்கள். சைக்கிளின் முதல் இரண்டு மணி நேரம் 'இவ்வளவு மெதுவாகவா?' என்று உங்களுக்கே வெட்கமாக இருக்கிற வேகம்தான் சரியான வேகம். எல்லோரும் தாண்டிப் போவார்கள், போகட்டும், அவர்களில் பாதிப் பேரை இருட்டிய பிறகு நடந்துபோகையில் பார்ப்பீர்கள். ஓட்டத்தில் முதல் நடை முதல் கிலோமீட்டரிலேயே வர வேண்டும். களைத்த பிறகு நடக்கலாம் என்று தள்ளிப்போட்டால், அப்புறம் நடையிலிருந்து ஓட்டத்துக்குத் திரும்பவே முடியாது.

விமான டிக்கெட்டை இப்போது போட வேண்டாம். எட்டாவது வாரக் கடைசியில் அந்த ஐந்தரை மணி நேர ரைடு, இறங்கியதும் 40 நிமிஷம் ஓட்டமும் நடையும். சாப்பிட்டது வயிற்றில் நின்று, மறுநாள் காலை நாடி வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் ஏறாமல், எலும்பின் ஒரே புள்ளியில் குத்தும் வலி எங்கும் இல்லாமல், மூன்றாம் நாள் கால் இலகுவாகிவிட்டால் டிக்கெட் போடுங்கள். இதில் ஒன்று தவறினால் ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள், இரண்டு தவறினால் அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவார்களா என்று நடத்துகிறவர்களுக்கு மெயில் போட்டுவிடுங்கள். ரத்த அறிக்கை வந்ததும் ஃபெர்ரிட்டின் எவ்வளவு என்று எழுதுங்கள், அது குறைவாக இருந்தால் மேலே சொன்ன வாரக் கணக்கைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும்.